ஜன்னல் வழியாக வந்திருக்கலாமே!

கேள்வி: அக்கா, நான் மார்த்தாண்டத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் கூட்டுக்காரன் தூத்தூர் பக்கம். அவன் அப்பா ஓக்கிப் புயலில் போனபிறகு வள்ளத்துக்குப் போகாமல் படிக்க வந்தவன், காலேஜில் இருந்தே பழக்கம். சனிக்கிழமை ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு மாடியில் இருந்து சயன்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல் பார்ப்போம். 'லாஸ்ட்' மூன்றாவது சீசன் கடைசியில் சார்லி தண்ணீரில் மூழ்கிச் சாகிறான். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இவனோ "இது லாஜிக்கே இல்லை, ஜன்னல் வழியா வெளியே வந்திருக்கலாம்" என்று ஆரம்பித்து ரெண்டு மணிவரை விடவில்லை, அந்தக் காட்சியை ஏழெட்டு தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்தான். எனக்குக் கோபம் வந்து "தண்ணியில போனவன் போனதுதான், விடுடே" என்று சொல்லிவிட்டேன். எழுந்து போனவன் மூன்று வாரமாக வரவில்லை, போனும் எடுப்பதில்லை. ஒரு சீரியலுக்காக இப்படிக் கோபப்படலாமா? யார் சொன்னது சரி?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, யார் சரி என்று கேட்டிருக்கிறீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம். தண்ணீர் விஷயத்தில் உங்கள் கூட்டுக்காரன் சொன்னதுதான் சரி.

சார்லி சாகிற அந்தக் கடலடி நிலையத்தை நினைத்துப் பாருங்கள். தரையில் கடலுக்கே திறந்த ஒரு குளம் இருக்கிறது, அதன் வழியாகத்தான் சார்லி உள்ளே வருகிறான், அதுவும் இடுப்பில் எடையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில். திறந்த குளத்தில் தண்ணீர் பொங்காமல் நிற்கிறது என்றால் உள்ளே இருக்கிற காற்று வெளியே இருக்கிற கடலுக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சொம்பைக் கவிழ்த்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கும் இல்லையா, அதே கணக்கு. ஜன்னல் உடைந்தாலும் அதன் மேல்விளிம்பு வரைக்கும்தான் தண்ணீர் ஏற வேண்டும், கூரையடியில் காற்று சிக்கி நிற்கும், அதில் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த ஜன்னல் வழியாகவே மேலே போகலாம். அதுவும் வேண்டாம், அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தியிருந்தாலே போதும். 2007 மே மாதத்தில் அந்த எபிசோட் வந்த நாளிலிருந்து உலகம் பூராவும் ரசிகர்கள் இந்த ஜன்னலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடலோரத்துப் பிள்ளைக்கு அது கண்ணில் படாமல் போனால்தான் ஆச்சரியம்.

ஆனால் நீங்கள் அழுததிலும் தப்பில்லை. சார்லி ஜன்னலைப் பார்த்து முடிவெடுக்கிறவன் இல்லை. அவன் சாவது கூட்டாளி டெஸ்மண்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, சார்லி போனால்தான் அவன் காதலிக்கிற க்ளேரும் அவள் குழந்தையும் ஹெலிகாப்டரில் தப்புவார்கள் என்றும் டெஸ்மண்ட் சொல்லியிருக்கிறான். அதை நம்பித்தான் சார்லி கதவை உள்ளேயிருந்து பூட்டுகிறான், வந்திருப்பது டெஸ்மண்டின் காதலி பென்னியின் கப்பல் இல்லை என்பதைக் கையில் எழுதிக் காட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறான். மனுஷனை எழுதியவர்கள் சரியாக எழுதிவிட்டார்கள், ஜன்னலை வைத்தவர்கள் பெரிதாக வைத்துவிட்டார்கள். என் தீர்ப்பு இவ்வளவுதான்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. 'அவன் அப்பா ஓக்கிப் புயலில் போனபிறகு' என்று மேலே ஒரு வரி. 'தண்ணியில போனவன் போனதுதான், விடுடே' என்று கீழே ஒரு வரி. இரண்டையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இப்போது ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

அவன் எழுந்து போனது சீரியலுக்காக இல்லை, தம்பி.

2017 நவம்பர் 30-ஆம் தேதி புயல் அடித்து ஒரு வாரம் கழிந்து அந்தக் கடற்கரைக் கிராமங்களில் ஒன்றுக்கு நான் போயிருந்தேன். ஆழ்கடலுக்குத் தங்கல், அதாவது பல நாள் தங்கி மீன்பிடிக்க, போனவர்கள் பல பேர் அப்போதும் வரவில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு பெரியவர் மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இது வள்ளம், இந்தப் பக்கம் காற்று, டீசல் கன்னாஸ் (கேன்) நாலாவது இருக்கும், காலி கன்னாஸைக் கட்டிப்பிடித்தால் ரெண்டு நாள் மிதக்கலாம், அதற்குள் ஏதாவது கப்பல் பார்த்திருக்கும். சொல்லி முடித்ததும் கையால் மணலை அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவார். இந்தத் தடவை காற்று வேறு பக்கம். சுற்றி நின்ற யாரும் அவரை 'விடுங்க' என்று சொல்லவில்லை. ஒரு பையன் குனிந்து "ரெண்டு நாளுக்கு மேலயும் மிதக்கலாம்" என்றான்.

உங்கள் கூட்டுக்காரன் அந்தக் காட்சியை ஏழெட்டு தடவை ஓட்டிப் பார்த்தான் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு அந்த மணல்தான் ஞாபகம் வந்தது. லாஜிக் இல்லை என்று சண்டை போடுகிறவர்கள் எல்லாருமே கல்நெஞ்சக்காரர்கள் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. நீங்கள் கண்ணீர் விட்டீர்கள், அவன் வழி தேடினான். துட்டி வீட்டில் போய் இருந்து பாருங்கள், அழுகிறவர்கள் பாதிப்பேர் என்றால் மீதிப்பேர் "அஞ்சு நிமிஷம் முந்திக் கொண்டுபோயிருந்தா" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டும் துக்கம்தான்.

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் முத்துப்பட்டன் கதை வில்லுப்பாட்டாகப் பாடும்போது, பட்டன் மாட்டை மீட்கப் போய்ச் சாகப்போகிறான் என்பது பந்தலில் இருக்கிற சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் ஆச்சிக்கு வரிவரியாகத் தெரியும். ஆனாலும் அந்த இடம் வரும்போது ஒவ்வொரு வருஷமும் வில்லைப் பார்த்து "பின்னால ஒருத்தன் நிக்கான், திரும்பிப் பாரு மக்கா" என்று சொல்லுவாள். அதுவும் கதையில் ஓட்டை கண்டுபிடிக்கிறதுதான். திரும்பிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பானே!

சயன்ஸ் ஃபிக்‌ஷனில் இந்தச் சண்டை இன்னும் பலமாக வருவதற்குக் காரணம் உண்டு. குடும்ப சீரியலில் செத்தவரைத் திரும்பக் கொண்டுவர எழுதுகிறவர் ஏதாவது சாக்குத் தேட வேண்டும். இங்கே வழி கதைக்குள்ளேயே கிடக்கிறது. ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக் 1982 படத்தில் செத்து 1984 படத்தில் எழுந்து வந்துவிட்டார். காலயந்திரத்தில் ஊர்சுற்றும் டாக்டரைப் பற்றிய 'டாக்டர் ஹூ' தொடரில் 1982-இல் அவரோடு இருந்த ஏட்ரிக் என்ற பையன் செத்தபோது வழக்கமான இசைகூட இல்லாமல், உடைந்துபோன அவனுடைய பேட்ஜை மட்டும் காட்டிப் பெயர்களை ஓடவிட்டார்கள். காலயந்திரம்தான் கையில் இருக்கிறதே, திரும்பிப் போய்க் காப்பாற்றினால் என்ன? ரசிகர்கள் மட்டும் இல்லை, அடுத்த கதையில் அவனுடைய தோழிகளே அதைக் கேட்கிறார்கள். டாக்டர் முடியாது என்கிறார், சில விதிகளை மீற முடியாது என்கிறார். இன்றைக்கும் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாத ரசிகர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி.

மோசமாக எழுதப்படுகிற சாவுகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1988-இல் ஸ்டார் ட்ரெக் தொடரில் டாஷா யார் என்ற பாதுகாப்பு அதிகாரியை ஒரு கரிய தார் போன்ற பிராணி ஒரே வீச்சில் கொன்றுபோடும். அந்த நடிகை தொடரைவிட்டு விலகக் கேட்டிருந்தார், அதனால் பாத்திரம் போனது. ரசிகர்கள் பொறுக்கவில்லை. 1990-இல் வேறொரு காலக்கோட்டில் அவளைத் திரும்பக் கொண்டுவந்து, தன் சாவு அர்த்தமில்லாமல் போனது என்று அவளுக்கே தெரியவைத்து, இந்தத் தடவை ஒரு காரணத்துக்காகப் போகவிட்டார்கள். அந்த எபிசோடைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எழுதியவர்கள் கேட்ட மன்னிப்பு மாதிரியே இருக்கும். லாஜிக் கேட்டுச் சண்டை போட்டவர்கள் இல்லாமல் அது வந்திருக்குமா?

அதனால் தம்பி, போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். குழித்துறைப் பாலத்தைத் தாண்டினால் தூத்தூர் எவ்வளவு தூரம், பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். வீட்டில் அம்மா இருந்தால் முதலில் அவர்களிடம் கொஞ்சநேரம் பேசிவிட்டு அப்புறம் அவனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடங்கள். "நான் சொன்னது உன் அப்பாவை நினைக்காம சொன்னதுடே, தப்பு" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவன் ஒன்றும் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அப்பாவைப் பற்றிப் பேசினால் கேளுங்கள். 'எல்லாம் விதி', 'இத்தனை வருஷம் ஆயிற்றே' என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள், அதை அவன் போதுமான அளவு கேட்டிருப்பான்.

ஜன்னலைப் பற்றித் திரும்பவும் பேச்சு வந்தால் சந்தோஷப்படுங்கள். அவனை முழுசாகச் சொல்லவிடுங்கள், எந்தப் பக்கம் நீந்தியிருக்கலாம், எவ்வளவு நேரம் மூச்சடக்கலாம், எல்லாவற்றையும். நான் சொன்ன சொம்புக் கணக்கையும் அவனிடம் சொல்லுங்கள், அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

இன்னும் மூன்று சீசன் பாக்கி இருக்கிறது. அதில் என்ன வருகிறது என்று நான் சொல்லப்போவதில்லை, கதை சார்லியை மறந்துவிட்டுப் போகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அவன் வருகிறவரைக்கும் நாலாவது சீசனைத் தனியாகத் தொட்டுவிடாதீர்கள்.