விதையை ஃப்ரீசரில் வைத்தால் போதுமா?

கேள்வி: எங்களிடம் மூன்று தலைமுறையாக வரும் அவரை விதையும் ஒரு பழைய மாங்கொட்டை ரகமும் இருக்கின்றன. ஃப்ரீசரில் வைத்தால் அழியாதா? கட்டணம் கொடுத்தால் நார்வேயில் இருக்கும் ஸ்வால்பார்ட் உலக விதைப் பெட்டகத்தில் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?

பதில்: முதலில் அந்த ஆளுக்குப் பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். 2008-ல் திறந்த ஸ்வால்பார்ட் பெட்டகம் தனி ஆட்களிடம் விதை வாங்குவதே இல்லை. பயிர் ரகங்களின் விதைகளைச் சேமித்துக் காக்கும் மரபணு வங்கிகள்தான் தங்கள் விதையின் நகலை அங்கே வைக்கின்றன, அதற்குக் கட்டணமும் கிடையாது, வைத்த வங்கி மட்டும்தான் திரும்ப எடுக்க முடியும். சிரியப் போரால் அலெப்போவில் இருந்த தன் வங்கியைப் பயன்படுத்த முடியாமல் போன இக்கார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆய்வு நிறுவனம் 2015-ல் அப்படித்தான் எடுத்தது. உங்கள் விதையை ஏதாவது ஒரு மரபணு வங்கியிடம் நேரடியாகக் கொடுங்கள், நடுவில் ஆள் எதற்கு?

அவரைக்கு வருவோம். குளிரைவிட ஈரம்தான் முக்கியம். விதைக்குள் இருக்கும் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆனால் ஈர விதையை அப்படியே ஃப்ரீசரில் போட்டால் உள்ளே பனி உறைந்து செத்துவிடும். வெயிலில் காயவைக்காமல் நிழலில் உலர்த்தி, அப்புறம் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பாட்டிலில் மூடி வையுங்கள். சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் சில்லுசில்லாக உடைய வேண்டும், அதுதான் பதம். அதன்பிறகு ஃப்ரீசர். மைனஸ் 18 டிகிரியில்தான் வங்கிகளும் வைக்கின்றன.

மாங்கொட்டை கதை வேறு, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மா, பலா, கொக்கோ, ரப்பர் விதைகளை உலர்த்தினாலே செத்துப்போகும், உறையவைத்தாலும் சாகும், எந்த வங்கியிலும் விதையாக வைக்க முடியாது. மாங்கொட்டையைப் பதப்படுத்திப் பல வருடம் காப்போம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஒட்டுக்கட்டி மரமாக வளர்ப்பதுதான் வழி, வங்கிகளும் தோட்டமாகத்தான் வைத்திருக்கின்றன. சிலவற்றின் கருவையோ தளிர் நுனியையோ மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் காக்கலாம், ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும்.

இன்னொன்று, வங்கியில் கொடுத்தாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். சில வருடத்துக்கு ஒருமுறை முளைப்புத்திறன் சோதித்து, குறைந்தால் மறுபடி விதைத்துப் புதுவிதை எடுக்க வேண்டும். கட்டிடம் கட்டப் பணம் கிடைக்கிறது, இந்த வேலைக்குக் கிடைப்பதில்லை, எத்தனை வருடமாகச் சொல்லியும் மாறவில்லை! அதனால் உங்கள் விதைக்கு வங்கி தரும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விதை எங்கே, யாரிடம், எந்த மண்ணில் வளர்ந்தது என்றும் எழுதிக் கொடுங்கள். பாதி விதையை உங்களிடமே வைத்து, தொடர்ந்து விதைத்து வாருங்கள்.