வெளியே உபத்திரவம், உள்ளே சோதனை: விசுவாசத்துக்கு எது கடினம்?

வெளியிலிருந்து வரும் உபத்திரவம், உள்ளே எழும் சோதனை, இந்த இரண்டில் விசுவாசத்துக்கு எது கடினம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் அவ்வளவு எளிதில் பிரிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

கிறிஸ்தவ விசுவாசத்தை விட மறுத்ததற்காக கி.பி. 203-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா என்ற பெண்ணுக்கு வயது 22 இருக்கும். கைக்குழந்தை வேறு. மிருகங்கள் முன் நிறுத்தப்படுவதற்கு முன்பே, நரைத்த தலையோடு அப்பா வந்து, மகளின் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து அழுதார். குழந்தைக்காகவாவது இந்த விசுவாசத்தை விட்டுவிடு என்றார். மிரட்டலைத் தாங்கிவிடலாம், இந்தப் பாசத்தை எப்படித் தாங்குவது? பெர்பெத்துவாவுக்கு மனம் வலிக்காமல் இல்லை. அப்பாவுக்காக வருந்தியபடியே உறுதியாக நின்றார்.

அதனால் தடுமாற்றம் வருவதையே அவிசுவாசம் என்று எண்ணி நொந்துகொள்ளாதீர்கள். இயேசுவைப் பிடிக்க வந்தபோது கெத்செமனே தோட்டத்தில் வாளை உருவிய சீடர் பேதுருவே, அன்றிரவு குளிர்காயும்போது ஒரு வேலைக்காரியின் கேள்விக்குப் பயந்து இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார். அவர் விழுவதற்கு முன்பே இயேசு அவருக்காக ஜெபித்திருந்தார்.