மாடி வீட்டுக்காரர்கள்

அன்புள்ள ஐயா,

நான் தாராவி கிராஸ் ரோட்டில் வளர்ந்தவன். வயது 32. அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டு மாடி அறையில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நான் மும்பைக்கு வெளியே, டோம்பிவிலியில் வாடகைக்கு வந்துவிட்டேன். தாராவி மறுசீரமைப்பு சர்வேயில் அப்பா ‘எலிஜிபிள்’, அதாவது வீடு பெறத் தகுதியானவர். அண்ணனுக்கு தாராவிக்குள் வீடு கிடையாது என்கிறார்கள். என் அளவே சம்பளம் வாங்கும் மாட்டுங்கா நண்பனுக்கு வாடகைக் கவலையே இல்லை. தாத்தா காலத்து வீடு. போன தலைமுறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தவறா?

எம்., டோம்பிவிலி

அன்புள்ள எம்.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை அப்பாவின் மேல் வைக்காதீர்கள். அவரோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இன்று வீடு உறுதியாகியிருக்கிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். 1976-ல் குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோபாஸ் என்ற படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுத்தார்கள். 1995-ல் எஸ்.ஆர்.ஏ. என்ற குடிசை மறுவாழ்வுத் திட்டம் வந்தபோது அந்த வருடம் ஜனவரி 1-க்கு முன்பு இருந்தவர்களுக்கு இலவச வீடு என்றார்கள். பிறகு அந்தத் தேதி 2000 ஜனவரி 1 ஆனது. அதற்குப் பிறகு 2011-க்குள் வந்தவர்கள் பணம் கட்ட வேண்டும். அதே வயது, அதே உழைப்பு இருந்தும், காகிதம் தொலைந்தவரும் நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பியவரும் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

மாடி விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. தாராவியில் மாடி எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். மகனுக்குக் கல்யாணம் ஆகிறது, பக்கத்தில் ஒரு அடி இடம் கிடையாது, கடன் வாங்கிக் கூரையைப் பிரித்து மேலே ஒரு அறை எழுப்பி இரும்பு ஏணி வைக்கிறார்கள். ஆக, மாடியில் இருப்பது பெரும்பாலும் இளையவர்கள், இல்லையென்றால் வாடகைக்கு வந்தவர்கள். இப்போதைய திட்டம் என்ன சொல்கிறது? 2000-க்கு முந்தைய கீழ்த்தளக் குடும்பத்துக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடையில் என்றால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய். மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், அதுவும் வாடகை வீடு. தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அந்த ஏணியில் வைத்து அப்பாவையும் பிள்ளையையும் பிரித்தது அரசு போட்ட விதி. அண்ணன் அங்கேயே பிறந்தவர் என்பது கணக்கில் வரவே இல்லை.

சரி, உங்கள் மாட்டுங்கா நண்பர். 1896 பிளேக்குக்குப் பிறகு, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் சாலையும் சாக்கடையும் போட்டு மனை பிரித்தது அதுதான். ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்த தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். தோல் பதனிட வந்த தமிழர்களுக்கு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், தாராவியில், சாக்கடை போட யாரும் வரவில்லை. யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதில் சாதிக்குப் பெரும் பங்கு உண்டு. அப்புறம் 1947 வாடகைச் சட்டம். அது வாடகையை 1940 நிலவரத்தில் நிறுத்தி வைத்தது. கூடவே இருந்த வாரிசுக்குக் குடித்தன உரிமையும் போய்ச் சேர்ந்தது. 1999 சட்டம் பக்டி, அதாவது குடித்தனம் கைமாறும்போது வாங்கும் மொத்தப் பணம், வாங்குவதையும் சட்டப்படி ஆக்கிவிட்டது. அன்று அந்தச் சட்டம் இல்லையென்றால் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வாடகைக்கு விடவென்று கட்டிடம் கட்டுவது இந்த நகரத்தில் கிட்டத்தட்ட நின்றுபோனதில் அதற்கும் பங்குண்டு. பின்னால் வந்தவர்களுக்குக் குடிசையும் பதினொரு மாத அக்ரிமென்ட்டும்தான் மிஞ்சின.

நண்பரின் வீடு சொந்த வீடு என்றால் அது அவருக்கு எப்படி வந்து சேரும் என்பதையும் பாருங்கள். இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு இந்தியாவில் இருந்த எஸ்டேட் வரியை 1985-ல் எடுத்துவிட்டார்கள். மகாராஷ்டிராவில் அப்பா தன் பெயரில் இருக்கும் வீட்டைப் பிள்ளைக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால் அடிப்படை முத்திரைக் கட்டணம் 200 ரூபாய். நீங்கள் கடன் வாங்கி மும்பையில் ஒரு கோடிக்கு வீடு வாங்கினால் முத்திரைக் கட்டணமே ஆறு லட்சம். நீங்களும் அவரும் ஒரே தலைமுறைதான். உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரம், உங்களுக்கும் அப்பாவுக்கும் இருப்பதைவிட மிக அதிகம்.

அரசே வாடகைக்கு வீடு கட்டிய காலமும் இங்கே இருந்தது. 1920-களில் வர்ளி, நாய்காம் பக்கம் எழுந்த பி.டி.டி. சால்கள் (வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட மாடிக் கட்டிடங்கள்) அப்படி வந்தவை. அவற்றை இப்போது இடித்து, இருப்பவர்களுக்கு 500 சதுர அடி சொந்த வீடாகக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கட்டும். ஆனால் நாளை ரயிலேறி வரப்போகிறவருக்கு அந்த இடத்தில் ஓர் அறைகூட வாடகைக்கு இருக்காது. சொந்த வீடாகப் பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு பங்கு வீடுகளை, யாருக்கும் எழுதித் தராமல், அரசு நியாயமான வாடகைக்கு வைத்திருக்க வேண்டும். தாராவியில் தளத்தை எண்ணாமல் அடுப்பை எண்ண வேண்டும். தனி அடுப்பு வைத்த குடும்பம் எந்த மாடியில் இருந்தாலும் அதற்கு தாராவிக்குள்ளேயே வீடு வேண்டும்.

அண்ணனிடம் சொல்லுங்கள். மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால் பழைய கரண்ட் பில்கள், வாக்காளர் அட்டை, குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வைக்கட்டும். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கப் போகும்போது தனியாகப் போக வேண்டாம். அப்பாவும் கூடப் போய், ‘இவன் இங்கேயே பிறந்தவன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.