மீன்பிடிப்பு சார்ந்த, கையால் வரைந்த முதல் நாள் உறைகளைச் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

நான் காசிமேட்டுக்காரன். அப்பா 30 வருடம் கடலுக்குப் போனவர். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

புதுத் தபால்தலை வெளியாகும் நாளில் அதை உறையில் ஒட்டி, அந்தத் தேதி முத்திரை வாங்கினால் அது முதல் நாள் உறை. இடது பக்கத்தில் பெரும்பாலும் அச்சடித்த படம் இருக்கும். அந்த இடத்தில் ஓவியர் தூரிகை பிடித்து ஒவ்வொன்றாக வரைந்தவைதான் நீங்கள் கேட்கும் உறைகள். அமெரிக்காவில் டோரதி நாப் வரைந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

என்னிடம் இருப்பதிலேயே எனக்கு உயிரானது, 1991 மே 31 அன்று நியூயார்க் மாநிலத்துக் கடபேக்வில் என்ற ஊரின் முத்திரை விழுந்த உறை. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் பொய் இரைகளுக்காக, 29 சென்ட் விலையில் ஐந்து தபால்தலைகள் அன்று வெளியாயின. அதில் ஒன்றை ஒட்டி, பக்கத்தில் ஒரு முள்ளை நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார் ஓவியர். வந்த அன்றே அப்பாவிடம் காட்டினேன். ஜன்னல் ஓரம் எடுத்துப்போய் ரொம்ப நேரம் பார்த்தார். "கானாங்கத்தைக்கு நாங்களும் மினுக்கு நூல் கட்டித்தான்டா வுடுவோம்" என்றார். அப்புறம் முள்ளின் தலைப்பக்கம் நகத்தால் காட்டி, "சுத்து எப்படி நெருக்கமா வந்திருக்கு பாரு. இவன் முள்ளு கட்டத் தெரிஞ்சவன்" என்றார்.

அன்றிலிருந்து நான் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்: தொழில் தெரிந்த கையா? ஈர வலை எடையில் தொய்கிறதா? கட்டுமரத்தை ஓடம் மாதிரி குழிவாக வரைந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். அது மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அலை மேலேயே ஏறி இறங்கும்.

சரி, ஏமாறாமல் வாங்குவது எப்படி? 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. நீர்வண்ணம் என்றால் ஓரங்களில் நிறம் தேங்கி அடர்ந்திருக்கும். கோடு மட்டும் அச்சாகி, உள்ளே வண்ணம் கையால் தீட்டியதும் உண்டு. அது வேறு ரகம், விலையும் குறைவாக இருக்க வேண்டும். முத்திரை மையின் மேல் வண்ணம் ஏறியிருந்தால் படம் பிற்பாடு வந்தது. அதில் தவறில்லை, ஆனால் விற்பவர் அதைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒருவர் சொல்லாமலே விற்றார். லென்ஸ் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. இன்றும் அந்த வருத்தம் ஆறவில்லை.

நீங்களே வரைந்தும் தொடங்கலாம். கொஞ்சம் தடித்த தாளில் செய்த உறையாக எடுங்கள். படம் நன்றாகக் காயட்டும், இல்லாவிட்டால் முத்திரை மை பட்ட இடத்தில் பரவிவிடும். முத்திரை குத்தும்போது மடங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வையுங்கள். வெளியீட்டு நாளில் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் தபால்தலை சேகரிப்பு மையத்துக்குப் போனால் போதும்.

நம் வடசென்னையில் பெரிய எதிரி ஈரக்காற்றுதான். பிவிசி என்ற பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்த என்னுடைய இரண்டு உறைகளில் ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. அதற்குப் பதில் பாலியெஸ்டர் கவரும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை வெயில் படாத இடத்தில் எடுத்து விரித்து வையுங்கள். நான் விரிக்கும்போதெல்லாம் அப்பா வந்து அந்தக் கடபேக்வில் உறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போய்விடுவார்.