ரோஸ்ஹிப் எண்ணெய்: பருத் தழும்புக்கா, வறண்ட கன்னத்துக்கா?

கேள்வி: என் வயது 31. பரு வந்துபோன இடமெல்லாம் கன்னத்தில் பழுப்புப் புள்ளிகளாக நின்றுவிட்டது. மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வடியும், கன்னம் மட்டும் வறண்டு இழுக்கும். ரோஸ்ஹிப் எண்ணெயில் வைட்டமின் சி, இயற்கையான ரெட்டினால் இரண்டும் இருக்கிறது, தழும்பு மறையும் என்று தோழி சொன்னாள். மாய்ஸ்சரைசரை நிறுத்திவிட்டு இரண்டு மாதமாகக் காலையும் இரவும் இதையே முகம் முழுக்கத் தடவுகிறேன். கன்னம் மிருதுவாகிவிட்டது. புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. நெற்றியில் பொடிப்பொடியாக ஏதோ கிளம்பியிருக்கிறது. தொடரலாமா? கர்ப்பமாக இருக்கும் என் தங்கையும் கேட்கிறாள், அவளுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: தொடரலாம், ஆனால் இப்போது தடவுகிற மாதிரி வேண்டாம். நெற்றியிலும் மூக்கிலும் இன்றே நிறுத்திவிடுங்கள். கன்னத்தில் இரவு மட்டும் போடுங்கள். மாய்ஸ்சரைசரைத் திரும்ப எடுங்கள். காலையில் எண்ணெய் இருந்த இடத்தில் சன்ஸ்கிரீன் இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

காட்டு ரோஜாவில் இதழ்கள் உதிர்ந்தபின் காம்பு நுனியில் சின்னதாக ஒரு காய் திரண்டு, பழுத்துச் சிவக்கும். அதுதான் ரோஸ்ஹிப். அதற்குள் இருக்கும் விதைகளை அழுத்திப் பிழிந்து எடுப்பதுதான் இந்த எண்ணெய். பெரும்பாலும் ரோஸா கனைனா, ரோஸா ரூபிஜினோசா என்ற இரண்டு இனங்களிலிருந்து வருகிறது. இதழிலிருந்து காய்ச்சி வடிக்கும் வாசனைத் தைலம் வேறு, இது வேறு. அதனால் இதில் ரோஜா மணம் இருக்காது. கமகமவென்று ரோஜா வாசம் வந்தால் வாசனைப் பொருள் ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அது தோலுக்கு எரிச்சல் தரக்கூடிய சங்கதி.

உங்கள் தோழி சொன்னதில் பாதி, பழத்தைப் பற்றிய உண்மை. அந்தப் பழத்தின் சதையில் வைட்டமின் சி ஏராளம். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனுக்கு ஆரஞ்சு வருவது குறைந்ததும், வேலியோரம் இந்தப் பழத்தைப் பறித்துச் சிரப் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் அப்படியே எண்ணெயோடும் ஒட்டிக்கொண்டது. ஆனால் வைட்டமின் சி தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. விதையைப் பிழிந்த எண்ணெயில் அது கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரெட்டினால் விஷயமும் அப்படித்தான். ரெட்டினாலின் நெருங்கிய உறவான, பருவுக்கு மருந்தாகத் தரும் ட்ரெட்டினோயின் இதில் மிக நுண்ணிய அளவில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் 0.025 சதவீத க்ரீமின் வேலையை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. எண்ணெயின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகள்.

அப்படியானால் உங்கள் கன்னம் மிருதுவானது எப்படி? அது இந்த எண்ணெயின் வேலைதான். இதன் உண்மையான பலம் கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. ஏறக்குறைய பாதி லினோலெயிக் அமிலம், அதற்கு அடுத்தபடியாக ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். தோலின் மேலடுக்கில் ஈரம் வெளியேறாமல் தடுக்கும் செராமைடுகள் என்ற கொழுப்புகளில் முக்கியமான ஒரு வகையைக் கட்டுவதற்கு லினோலெயிக் அமிலம் வேண்டும். அது குறைந்தால் அந்தத் தடுப்பு பலவீனமாகி, தோல் வறண்டு இழுக்கும். பரு வரும் தோலின் எண்ணெய்ப் பசையில் இதே லினோலெயிக் அமிலம் குறைவாக இருப்பதும் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ஆலிவ் எண்ணெய் போல ஒலெயிக் அமிலம் மிகுந்தவற்றை முகத்துக்கு நான் சொல்வதில்லை, அவை அந்தத் தடுப்பைத் தளர்த்திவிடக்கூடும். ரோஸ்ஹிப்பைச் சொல்வேன். வறண்ட கன்னத்துக்கு இது நிஜமாகவே நல்ல எண்ணெய்.

ஆனால் மாய்ஸ்சரைசருக்குப் பதில் இது ஆகாது. எண்ணெயில் தண்ணீர் கிடையாது, கிளிசரின் போல ஈரத்தை இழுத்துப் பிடிப்பதும் கிடையாது. இருக்கிற ஈரத்தைப் போகாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். எனவே இரவில் முகம் கழுவி, துண்டால் லேசாக ஒற்றி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரைப் போடுங்கள். அப்புறம் இரண்டு மூன்று சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, இரு கைகளையும் சேர்த்துத் தேய்த்து, கன்னத்தில் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் தலையணை உறைக்குத்தான் போகும்.

நெற்றிக்கு வருவோம். எண்ணெய் வடியும் இடத்தில் மேலும் எண்ணெய் போட்டால் துளைகள் அடைத்துச் சிறு சிறு முண்டுகளாக வரலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. பொடிகள் எல்லாம் ஒரே அளவில் இருந்து, அரிப்பும் இருந்தால், அது பரு அல்லாமல் மலசீசியா என்ற ஈஸ்ட்டின் வேலையாக இருக்கலாம். எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழும் அந்த ஈஸ்ட்டுக்குக் கொழுப்பு அமிலம்தான் உணவு. அதற்குப் பூஞ்சைக்கான மருந்துதான் கேட்கும், பரு க்ரீம் கேட்காது. நாலைந்து வாரம் நெற்றியில் எண்ணெயே படாமல் இருந்து பாருங்கள், அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ‘துளைகளை அடைக்காது’ என்ற பட்டியல்களில் ரோஸ்ஹிப்புக்கு நல்ல மதிப்பெண் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த மதிப்பெண்கள் பலவும் முயலின் காதில் தடவிப் பார்த்துப் போட்டவை. உங்கள் நெற்றி சொல்வதையே நம்புங்கள்.

சரி, புள்ளிகள். பரு ஆறும்போது அந்த இடத்தில் மெலனின் கூடுதலாகச் சுரந்து தங்கிவிடுவதால் வரும் நிறம் அது. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். தானாக மங்கவே பல மாதம் ஆகும், ஆழமாகப் படிந்தது ஒரு வருடத்தைக்கூடத் தாண்டும். ரோஸ்ஹிப் எண்ணெயை அறுவை சிகிச்சைத் தழும்புகளில் சோதித்த சிறு ஆய்வுகள் உண்டு, ஓரளவு முன்னேற்றமும் தெரிந்திருக்கிறது. ஆனால் தழும்பைத் தினமும் மெதுவாகத் தேய்த்துவிடுவதே ஒரு சிகிச்சைதான். கையின் பங்கு எவ்வளவு, எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். உங்கள் புள்ளிகளுக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல், யு.வி.ஏ கதிரையும் தடுப்பதாக இருக்கட்டும். அதற்குமேல் அசெலாயிக் அமிலம், நியாசினமைடு, ரெட்டினாய்டு (ரெட்டினால், ட்ரெட்டினோயின் வகையறா) ஆகியவற்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரெட்டினாய்டு எழுதிக்கொடுத்தால் ஆரம்ப வாரங்களில் தோல் வறண்டு உரியும், அப்போது இந்த எண்ணெய் நன்றாகக் கைகொடுக்கும். பள்ளமாக விழுந்த தழும்பு இருந்தால் அதை எந்த எண்ணெயும் நிரப்பாது, வீண் காத்திருப்பு வேண்டாம்.

காலையில் இதைத் தவிர்க்கச் சொன்னதும் இதனால்தான். ரோஸ்ஹிப் எண்ணெயே வெயிலைத் தடுக்கும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சன்ஸ்கிரீனுக்கு அடியில் வழவழவென்று எண்ணெய் இருந்தால், அது ஒரே சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக நழுவிவிடும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதில்தான் அதிக அக்கறை. நீங்கள் தடவும் பாட்டில் எவ்வளவு பழையது? எந்த அமிலங்கள் இந்த எண்ணெயை நல்லதாக்குகின்றனவோ, அவையே இதைச் சீக்கிரம் கெடுக்கவும் செய்கின்றன. காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் இதற்கு ஆகாது. ஓவியர்கள் வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டியாவதும் இதே குணத்தால்தான். கெட்டுப்போன எண்ணெயில் உருவாகும் பெராக்சைடுகள் தோலை எரிச்சலூட்டும், நல்லது செய்ய வந்த பொருள் புதிய சிவப்பையும் புதிய புள்ளியையும் கொண்டுவந்துவிடும்.

சோதிப்பது எளிது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். நல்ல எண்ணெயில் மரத்தூளும் காய்ந்த புல்லும் கலந்தாற்போல மெல்லிய வாசம் வரும். காறிப்போனதில் பழைய பெயின்ட் டப்பாவின் நெடி அடிக்கும். பாட்டில் கழுத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே வழிந்து காய்ந்த எண்ணெய் பசை போல ஒட்டினால், உள்ளே இருப்பதும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சுத்திகரித்தது வெளிறித்தான் இருக்கும். கரோட்டினாய்டு போயிருக்கும், கொழுப்பு அமிலங்கள் அப்படியே இருக்கும். எனக்கு, சூடாக்காமல் பிழிந்தெடுக்கும் கோல்டு பிரெஸ்ட் வகை பிடிக்கும், வாசம் பிடிக்காதவர்கள் மற்றதை வாங்குவதில் தப்பில்லை.

அடுத்த முறை, கருநிறக் கண்ணாடியில் வரும் சிறிய பாட்டிலாக, காலாவதித் தேதி தள்ளி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். டோகோஃபெரால், அதாவது வைட்டமின் இ சேர்த்திருந்தால் நல்லது, எண்ணெய் கெடுவதை அது தாமதப்படுத்தும். ஃப்ரிட்ஜில் வையுங்கள், துளிக் குழாயை முகத்தில் தொடாதீர்கள், திறந்த ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். புது பாட்டிலை முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முழங்கை மடிப்பில் ஒரு வாரம், பத்து நாள் தினம் இருமுறை தடவிப் பாருங்கள்.

தங்கைக்கு வாங்கிக் கொடுக்கலாம். வேறெதுவும் கலக்காத ரோஸ்ஹிப் எண்ணெயை வெளிப்பூச்சாகப் பயன்படுத்துவதில் பொதுவாகப் பயம் இல்லை. ஆனால் லேபிளை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். ரெட்டினால் கலந்த ‘ரோஸ்ஹிப்’ சீரம்களும் கிடைக்கின்றன. கர்ப்ப காலத்தில் ரெட்டினாய்டு எதுவும் கூடாது, வாசனைத் தைலம் கலந்ததும் வேண்டாம். பெயரை எழுதிக்கொண்டு போய் அவளுடைய மகப்பேறு மருத்துவரிடமும் காட்டிவிடட்டும். வயிற்றில் விழும் வரிகளை இது தடுத்துவிடும் என்று மட்டும் நம்பிக்கை கொடுக்காதீர்கள், அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. தோல் விரியும்போது வரும் லேசான நமைச்சலுக்கு இதமாக இருக்கும். ஆனால் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரித்தால், அதுவும் ராத்திரியில் அதிகமானால், எண்ணெய் தடவிக்கொண்டு பொறுத்திருக்கக் கூடாது. அது கல்லீரல் தொடர்பான பிரச்சினையின் அறிகுறியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.