சாயமும் நானோ துகளும்: இந்த பிஎச்.டி. சோறு போடுமா?

அம்மா, "சாயம் பூசுவதைப் படிக்க ஐந்து வருடமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் பிஎச்.டி.க்கு எடுக்க நினைப்பது துணிச்சாயம் இல்லை, நானோ துகளை, அதாவது மிகமிகச் சிறிய துகளை, கூடுதலாக ஒளிரவைக்கும் சாயம். இட்டெர்பியம், எர்பியம் என்ற லாந்தனைடு தனிமங்கள் கலந்த நானோ துகள்மேல் கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் லேசரை அடித்தால் பச்சையாக ஒளிரும். ஆனால் இந்தத் தனிமங்கள் ஒளியை உறிஞ்சுவதில் படு மந்தம். கரிமச் சாயங்களோ (கார்பன் சேர்மங்களால் ஆனவை) அவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு உறிஞ்சும். துகளோடு சாயத்தை ஒட்டிவிட்டால், அது ஒளியை வாங்கித் துகளுக்குக் கடத்திவிடும். 2012இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகக் குழு ஐஆர்-806 என்ற சாயத்தை வைத்து, மொத்த ஒளிர்வை ஏறத்தாழ 3,300 மடங்கு கூட்டிக் காட்டியது. விளையாட்டான துறை இல்லை.

படுத்துகிற துறைதான். சாயம் கொஞ்சம் கூடிப்போனால் ஒளிர்வு குறையும். ஆக்சிஜன் பட்டபடி லேசரில் வைத்தால் சாயம் வெளுத்துவிடும். காலையில் பளிச்சென்று இருந்த குப்பி மாலையில் மங்கிக் கிடக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதே இல்லை.

சரி, வேலை? இந்தத் தலைப்பின் பெயரில் விளம்பரம் வராது. நைட்ரஜன் சூழலில் துகள் தயாரிப்பது, லேசர் கையாள்வது, ஒளிர்வின் ஆயுளை அளப்பது, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைப் படிப்பது என்று கையில் சேரும் வேலைத்திறன்தான் அவளுடைய மூலதனம். நோயறியும் கிட், கள்ளநோட்டைத் தடுக்கும் மை, எல்இடி, டிஸ்ப்ளே போன்ற துறைகளில் கேட்பது அதைத்தான்.

பணத்தில் நான் கறார். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனால் 42,000. கைடின் (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின்) புராஜெக்ட் பணத்தை மட்டும் நம்பிச் சேர்ந்தால், புராஜெக்ட் முடிந்த பிறகு என்ன என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் மகளையே கேட்கச் சொல்லுங்கள். (கல்யாணப் பேச்சை இதில் கலக்காதீர்கள், அது என் டிபார்ட்மென்ட் இல்லை.)

சேருவதற்கு முன் அவள் ஒருநாள் அந்த லேபுக்குப் போய் வரட்டும். 980 லேசர் சொந்தமாக இருக்கிறதா, வெளியூருக்கு சாம்பிள் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? ஆளுக்கொரு லேசர் கண்ணாடி இருக்கிறதா? அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமை தானாக மூடாது. அப்புறம், கைடு இல்லாத நேரம் பார்த்து சீனியர்களிடம் பேச வேண்டும்: இங்கே முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?