தடைக் கட்டளை தெரிந்த பிறகும் வீதியில் இருந்தால்

கேள்வி: திருகோணமலைக் கரையோரக் கிராமம் ஒன்றின் மீனவர் சங்கச் செயலாளர் நான். மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலையை நிறுத்தக் கோரிக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) முன்னால் அமைதியாகத்தான் நின்றோம். பொலிஸ் வந்து சிங்களத்தில் எதையோ வாசித்தார்கள். வீதியை மறிக்கக் கூடாது என்ற நீதிமன்றக் கட்டளையாம். கடதாசியை நான் வாங்கவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் வீதியிலேயே இருந்தோம். பொலிஸார் கேவலமாக ஏசினார்கள், எல்லாம் முகநூல் வீடியோவில் இருக்கிறது. மூன்று கிழமையாகிறது, கட்டளை செல்லுபடியாகும் 14 நாளும் முடிந்துவிட்டது. இப்போது அழைப்பாணை வந்திருக்கிறது. ஜனநாயக நாட்டில் இது எங்கள் உரிமை இல்லையா? அடிப்படை உரிமை மனு போடலாமா?

பதில்: உரிமைதான். அமைதியாக ஒன்றுகூடுவதை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை காக்கிறது. 1993இல் அமரதுங்க எதிர் சிறிமால் வழக்கில், ஒலி எழுப்பி எதிர்ப்புக் காட்டுவதும் பேச்சுச் சுதந்திரமே என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சுருக்குவலையால் கரைவலைக்காரர் படும் பாடு எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் வழக்கில் அந்த உரிமை வாதம் எடுபடாது. ஏச்சையும் விட்டுவிடுங்கள்.

சட்டப்படி பிறப்பித்த கட்டளையை மீறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 185ஆம் பிரிவில் குற்றம். அதில் உங்கள் விடயத்துக்கு முக்கியம் ஒன்றுதான்: கட்டளை இருப்பது தெரிந்துகொண்டே மீறினீர்களா? கடதாசியை வாங்காததால் தெரியாது என்று ஆகிவிடாது. 14 நாள் முடிந்தாலும் அதற்குள் நடந்த மீறல் அழியாது. சிங்களத்தில் மட்டும் வாசித்தது உங்களுக்கு உதவக்கூடிய நல்ல வாதம்.

அந்த வாதத்தைக் கெடுக்கப்போவது உங்கள் வீடியோதான். வீதியில் நின்று "கட்டளை வந்தாலும் அசைய மாட்டோம்" என்று சொன்னவர்கள், பிறகு மன்றில் "எங்களுக்கு விளங்கவில்லை" என்று சொல்லி மாட்டிக்கொண்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நீங்களும் அப்படி ஏதாவது பேசியிருந்தால் மொழி வாதத்தை எடுக்கவே வேண்டாம். பயத்தில் வீடியோவை அழிக்கவும் வேண்டாம், பிரதி எப்படியும் அவர்களிடம் இருக்கும். முழு வீடியோவையும் வழக்குத் தவணைக்கு முன் உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். புதிய பதிவு எதுவும் போடாதீர்கள். சங்கப் பொடியன்களுக்கும் சொல்லிவையுங்கள்.

அடிப்படை உரிமை மனு பொலிஸ் போன்ற அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிரானது. நீதவானின் கட்டளையை அதில் தாக்க முடியாது. அந்தக் கட்டளையை நீக்கவோ மாற்றவோ அதே நீதவானிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம், அந்த வாய்ப்புப் போய்விட்டது. பொலிஸ் யாரையாவது அடித்திருந்தால் கதை வேறு. அப்படியென்றால் சம்பவத்திலிருந்து ஒரு மாதம்தான் காலம், உங்களுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை நடக்கிறதா என்று பார்க்காமல் முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் நம்பி இருந்து மனுவே தள்ளுபடியானவர்களும் உண்டு.

ஒருவரையும் அடிக்கவில்லை என்றால், என் யோசனை வழக்கை இழுக்காமல் முடித்துக்கொள்வது. அதற்காக முதல் தவணையிலேயே தனியாகப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டு வராதீர்கள். அது குற்றத்தீர்ப்பாகப் பதியும். பிறகு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கும்போது தெரியவரும். பழைய குற்றம் ஒன்றும் இல்லையென்றால், குற்றத்தீர்ப்புப் பதியாமல் எச்சரித்தோ பிணைமுறியிலோ (நிபந்தனைக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுப்பது) விடுவிக்க, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு நீதவானுக்கு இடம் தருகிறது. உங்கள் சட்டத்தரணி அந்தப் பிரிவைச் சொல்லியே கேட்கட்டும்.